முன்பல்லில் ஒரு சந்து

“வீட்டுக்காரர் பேரு சொல்லுங்கம்மா” என்று பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையிலிருந்த ரெஜினா மறுபடியும் கேட்டாள்.

சாந்தாமணி பக்கத்து நாற்காலியைக் கண்ணால் காட்டினார். “இங்கதான உக்காந்திருக்கறாரு. அவருகிட்டயே கேட்டுக்க கண்ணு.”

ரெஜினா அந்த நாற்காலியில் இருந்தவரிடம் கேட்டாள். அவர் அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். கொஞ்சம் உரக்கக் கேட்டாள். அவர் இன்னும் கொஞ்சம் மரியாதையாகச் சிரித்தார்.

“அவருக்குக் காது கேக்காது. வாயைப் பாத்தாத்தான் தெரியும். நீ அதைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கறயே” என்றார் சாந்தாமணி.

“அப்போ நீங்களே சொல்லிடலாமில்ல?”

“அதெப்பிடி?”

கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே உட்கார்ந்திருந்த டாக்டர் முகிலனுக்குச் சிரிப்பு வந்தது. துணி வெட்டுவதும் தைப்பதும் இயந்திரங்களின் கைக்குப் போய், பனியன் கம்பெனிகளில் மேற்பார்வைக்கு மட்டும் நாலு மனிதர்கள் மிச்சமிருந்த திருப்பூர் அது. எந்தப் பல் எந்தப் பக்கம் எவ்வளவு நகரும் என்று முதல் நாளே படம் போட்டுக் காட்டிவிடுகிற காலம். அந்தக் காலத்திலும் தாலி கட்டியவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லாத ஓர் அம்மாள், ஐம்பத்தெட்டு வயதில், பல்லைச் சரிசெய்துகொள்ள வந்திருக்கிறார். கடைசியில் அவர் கணவரின் சட்டைப்பையில் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

“சதானந்தம்” என்று ரெஜினா உரக்கப் படித்தாள்.

கேட்கக் கூடாத எதையோ கேட்டுவிட்டது போல சாந்தாமணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். கண் மட்டும் சிரித்தது.

உள்ளே வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் முகிலன் கேட்டான். “சொல்லுங்கம்மா. என்ன பண்ணணும்?”

“உதடு சேரோணுங்க தம்பி.”

அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். மேல் வரிசை முன்பற்கள் நன்றாகவே முன்னுக்கு வந்திருந்தன. கடைவாய்ப் பற்களைக் கடித்தாலும் முன்பற்கள் ஒன்றோடொன்று தொடவில்லை. நடுவே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. சும்மா இருக்கும்போதும் உதடுகள் சேராமல் கொஞ்சம் திறந்தே இருந்தன.

“மிஷினு வர்றதுக்கு முன்னால எனக்குச் செக்கிங்ல வேலைங்க. பனியனுக்கு நூல் பிசிறு வெட்டோணும். கத்திரிய எடுத்து வெட்டறதுக்குள்ள பல்லுல கடிச்சு இழுத்துருவேன். அதுலயே பாதி ஆயுசு போச்சு. பல்லு முன்னால வந்தது வந்துட்டுப் போகட்டும், எனக்கு அதைப் பத்திக் கவலையில்ல. அவருக்குத்தான்…” என்று வெளியே கை காட்டினார். “தறியிலயே கெடந்து காது போச்சுங்க. காதுக்குள்ள மிஷின் வெச்சுப் பாத்தம். திரும்பவும் தறி ஓடற மாதிரியே கேக்குதுன்னு கழட்டிப்போட்டாரு. என் வாயைப் பாத்துத்தான் பேச்சே. நானோ உதடு சேராதவ. ப-வும் தெரியறதில்ல, ம-வும் தெரியறதில்ல. பூண்டு வாங்கிட்டு வாங்கன்னா ஊசி வாங்கிட்டு வந்து நிக்கறாரு!”

முகிலன் வாய்விட்டுச் சிரித்தான். அழகுக்காக வருகிறவர்கள், கல்யாணத்துக்காக வருகிறவர்கள், வேலைக்கான நேர்காணலுக்காக வருகிறவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறான். புருஷன் பூண்டை ஊசியாகப் படிக்காமல் இருக்க வேண்டும் என்று வந்தவரை இப்போதுதான் பார்க்கிறான்.

“அதும்பத்தாம ராத்திரி லைட்டையும் அணைக்க விடமாட்டாரு” என்று போகிற போக்கில் இன்னொரு புகாரையும் வைத்தார் சாந்தாமணி. “ஒரு சின்ன பல்பு எரிஞ்சுட்டே இருக்கோணும். கரண்டு பில்லை யாரு கட்டறது?”

வழிகளை அவன் எடுத்துச் சொன்னான். பழைய காலத்துக் கம்பி கிளிப் இருக்கிறது. வெளியே தெரியாமல் பல்லின் உள்பக்கம் ஒட்டுகிற கிளிப்பும் உண்டு. தாடையை அறுத்து வைக்கலாம், ஆனால் இந்த வயதில் அது தேவையில்லை. நாலாவது, எல்லோரும் கண்ணாடி கிளிப் என்று சொல்வது. பல்லின் மேல் உறை மாதிரி மாட்டிக்கொள்ளலாம். சாப்பிடும்போது கழற்றலாம்.

“இப்போ வர்றது வெறும் உறை இல்லம்மா. அதுக்கே தொடு உணர்ச்சி இருக்கு. உங்க நாக்கு எங்க படுது, எவ்வளவு அழுத்துது, எல்லாம் அதுக்குத் தெரியும். பல்லு சொன்னபடி நகரலைன்னா அதுவே தன்னை மாத்திக்கும். எனக்கும் சேதி அனுப்பும்.”

“நாக்கு பண்றதையெல்லாமா சொல்லும்?”

“எல்லாத்தையும் சொல்லும்.”

சாந்தாமணி ஏதோ கேட்க வந்து நிறுத்திக்கொண்டார். “சரிங்க” என்றார்.

ஆரம்பத்தில் எல்லாம் திட்டப்படியே நடந்தது. மேல் பற்கள் பின்னுக்குப் போகத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். சதானந்தம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, டிவியில் செய்தி வாசிக்கிறவரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ரெஜினா இப்போதெல்லாம் மாஸ்க்கை இறக்கிவிட்டுத்தான் அவரோடு பேசுவாள். “ஐயா, டீ குடிக்கறீங்களா?” என்று அவள் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பாள், “சக்கரை கம்மியா” என்று அவர் கட்டடமே அதிரப் பதில் சொல்வார்.

பிறகு பற்கள் நின்றுவிட்டன.

திரையில் கிளிப் அனுப்பிய படத்தை முகிலன் பெரிதாக்கிப் பார்த்தான். மேல் முன்பற்களுக்குப் பின்னால் இரண்டு இடங்களில் சிவப்பாகத் தெரிந்தது. நாக்கு நுனி அங்கே போய் மறுபடி மறுபடி தட்டுகிறது. பகலில் எப்போதாவது. படுக்கப் போகிற நேரத்தில் விடாமல், தூங்கும்வரை. கிளிப் பல்லை உள்ளே தள்ளுகிறது, நாக்கு வெளியே தள்ளுகிறது. இரண்டுக்கும் நடுவே பல் என்ன செய்யும், பாவம், நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கம்பெனியின் மென்பொருள் ஒரு வரியில் தீர்ப்பு எழுதியிருந்தது. ‘தவறான விழுங்கல் பழக்கம். நாக்குத் தடுப்பு பரிந்துரைக்கப்படுகிறது.’

ஆயிரமாயிரம் வாய்களைப் பார்த்துப் படித்த மென்பொருள் அது. முகிலன் அதை நம்பினான். நம்பாமல் இருக்க அவனுக்கு அதுவரை காரணம் எதுவும் வந்ததில்லை.

“இந்தப் புது கிளிப்புல பல்லுக்குப் பின்னால சின்னச் சின்னதா, ரவை மணி மாதிரி இருக்கும்மா” என்று சாந்தாமணிக்கு விளக்கினான். “நாக்கு பல்லைத் தள்ள வந்தா அது எந்திரிச்சு நிக்கும். குத்தாது, ஆனா உறுத்தும். கொஞ்ச நாள்ல நாக்கு தானா அந்தப் பழக்கத்தை விட்டுரும்.”

“பேசறதுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?”

“ஆகாதும்மா. அதுக்கு விவரம் இருக்கு. குரல் வந்தா எலும்பு அதிரும் இல்லையா? அதிர்வு தெரிஞ்சா மணியெல்லாம் படுத்துக்கும், வழி விட்டுரும். எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்.”

“குரல் வராட்டி?”

முகிலன் புது கிளிப்பை உறையிலிருந்து எடுத்துக்கொண்டே சொன்னான். “குரல் வராம யாரும்மா பேசப் போறாங்க?”

எப்போதும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கிற சாந்தாமணி அன்றைக்குச் சரி என்று தலையாட்டினார். வாயைத் திறந்து காட்டினார்.

அதன் பிறகு படம் சுத்தமாக வந்தது. முதலில் சில நாள் நாக்கு வந்து மோதிய தடம் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. பற்கள் மளமளவென்று நகர்ந்தன. மென்பொருள் பச்சை நிறத்தில் பாராட்டியது. சாந்தாமணி வந்தபோது முகம் வாடியிருந்தது, கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. “தூக்கம் இல்லீங்க, வேற ஒண்ணுமில்ல” என்றார். புது கிளிப் பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்று அவன் சமாதானம் சொன்னான். ரெஜினாவிடம் வம்பு பேசக்கூட நிற்காமல் அவர் போய்விட்டார்.

ஒரு நாள் காலையில் சதானந்தம் மட்டும் தனியாக வந்தார்.

முகிலன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அவருக்கு எதிரே முகத்தை நன்றாகக் காட்டி உட்கார்ந்தான். “என்னங்க ஐயா? அம்மா வரலையா?”

“அவளுக்குத் தெரியாதுங்க. பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.” அவருக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. கதவைச் சாத்திவிட்டு வந்து ரெஜினா ஓரமாக நின்றாள். “தம்பி, அந்தப் புது கிளிப்ப எடுத்துப்போடுங்க.”

“ஏங்க ஐயா? நல்லா வேலை செய்யுதே.”

“அது போட்டதுலருந்து அவ என் பேரைச் சொல்றதில்ல.”

முகிலனுக்கு முதலில் புரியவில்லை. “அம்மா உங்க பேரைச் சொல்லவே மாட்டாங்களே? இங்க வந்தன்னிக்கே…”

“வெளிய சொல்ல மாட்டா. அவங்கம்மா அப்பிடி வளத்திருக்கறாங்க. சொன்னா எனக்கு ஆயுசு கொறையுமாம்” என்று சிரித்தார். “காது நல்லா இருந்தப்ப எனக்கே தெரியாதுங்க. காது போன பொறவுதான் அவ மூஞ்சியவே பாத்துட்டுக் கெடக்க ஆரம்பிச்சேன். படுத்துக் கண்ணை மூடிக்குவா. உதடு லேசாத் தெறந்திருக்கும். அந்தப் பல்லுச் சந்துல நாக்கு நுனி வந்து எட்டிப் பாக்கும். இன்னொருக்கா எட்டிப் பாக்கும். நித்தமும் அதே மாதிரி. என்னடா இதுன்னு நான் கண்ணாடி முன்னால நின்னு ஊருப்பட்ட வார்த்தைய சொல்லிச் சொல்லிப் பாத்தேன். கடைசில என் பேரைச் சொன்னேன். அதேதான்.”

ரெஜினா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“சாமி பேரச் சொல்ற மாதிரி சொல்லிட்டே தூங்கிப்போவா. அதைப் பாத்துட்டுத்தான் நான் தூங்குவேன். இப்ப வாயை இறுக்க மூடிட்டு, மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கறா. எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சேன். என்ன தப்புப் பண்ணினோம்னு யோசிச்சு யோசிச்சுச் சோறு எறங்கல. பொறவுதான் உறைச்சுது, எல்லாம் நீங்க அந்தக் கிளிப்ப மாட்டுன நாள்லருந்துன்னு.”

முகிலனுக்கு முகத்தில் அடித்தது போல இருந்தது. குரல் வராமல் யார் பேசப் போகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்ட வாய் அவனுடையது.

“இன்னிக்கே கூட்டிட்டு வாங்க ஐயா. எடுத்துடறேன்.”

“அதோட முடியலீங்களே” என்றார் அவர். குரல் முதல் முறையாகத் தணிந்தது. “பல்லு முழுக்கச் சேந்துட்டா சந்து மூடிக்கும். நாக்கு உள்ள என்ன பண்ணுதுன்னு எனக்கெப்பிடித் தெரியும்?”

“அம்மா இதைப் பண்ணிக்கறதே உங்களுக்காகத்தான் ஐயா. அவங்க பேசறது உங்களுக்கு நல்லாப் புரியணும்னு.”

“தெரியும். அதனாலதான் வேண்டான்னு சொல்ல வாய் வரல.” எழுந்து நின்று கையைக் கூப்பினார். “நீங்களா எதாச்சும் பண்ணி விட்டுப்போடுங்க. நான் பாக்கறேன்னு மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. வெக்கப்பட்டு நிறுத்திப்போடுவா.”

அவர் பாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். முகிலன் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான்.

திரையில் பழைய படத்தைத் திரும்ப எடுத்தான். அந்த இரண்டு சிவப்புத் தடங்கள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, வாய்க்குள்ளேயே, குரல் வராமல், சதானந்தம் என்று சொல்லிப் பார்த்தான். நாக்கு போய்ப் பல்லில் பட்டது, இறங்கியது, மறுபடி பட்டது. படத்தில் இருந்த அதே இடம், அதே வரிசை. ஓர் அம்மாள் யாருக்கும் கேட்காமல் சொல்லி வந்த பெயர் இத்தனை காலமாக அவன் மேஜைமேல் விரிந்து கிடந்திருக்கிறது. அவன் அதற்குப் பழக்கம் என்று பெயர் வைத்து, மருந்தும் கொடுத்திருக்கிறான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“சார்” என்றாள் ரெஜினா. “நானும் இதே கிளிப்தான் போட்டிருக்கேன்.”

“தெரியுமே. நான்தானே போட்டேன்.”

“பஸ்ல வரும்போது ஜெபமாலை சொல்லுவேன், சத்தமில்லாம வாய்க்குள்ளயே. இது போட்டதுலேருந்து உறுத்தும். சரி, நம்ம பல்லுக்கு நல்லதுதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் ஜெபமாலையவே விட்டுட்டேன்.” அவள் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் காத்திருந்தவர்களைப் பார்த்தாள். பரீட்சைக்குப் பாடத்தை வாய்க்குள் உருப்போடுகிற பெண் ஒருத்தி, முணுமுணுத்துக்கொண்டே காலை ஆட்டுகிற ஒருவர். “இந்தத் தடுப்பு எத்தனை பேரு வாயில இருக்கு சார்?”

அவன் மருத்துவமனையிலேயே நிறையப் பேர். ஊர் ஊராகக் கணக்குப் பார்த்தால் சொல்லி முடியாது. எல்லார் நாக்கும் திருந்திவிட்டது. எல்லார் பல்லும் அழகாக நகர்ந்துகொண்டிருக்கிறது. அவர்கள் வாய்க்குள் என்ன நின்றுபோனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மதியம் அவன் கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசினான். அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். “டாக்டர், குரல் இல்லாத நாக்கசைவு எல்லாமே எங்களுக்குத் தேவையில்லாத அசைவுதான்” என்றாள். “தேவையில்லாததுன்னு யார் சொன்னது?” என்று கேட்டான். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அவள் இணைப்பைத் துண்டித்தாள். அவன் தன்னிடம் மிச்சமிருந்த தடுப்பு கிளிப்புகளை ரெஜினாவிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொன்னான். இனி ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்டுவிட்டுத்தான். ரெஜினா தன்னுடையதையும் கழற்றி அந்தப் பெட்டியிலேயே போட்டாள்.

அதெல்லாம் சுலபம். சாந்தாமணியிடம் என்ன சொல்வது என்பதுதான் கடினம். பல் அவருடையது. புருஷன் கேட்டார் என்பதற்காக அவருக்குத் தெரியாமல் சந்து விட முடியாது. ஏன் விடுகிறேன் என்று சொன்னால் அந்தப் பெரியவரைக் காட்டிக்கொடுத்தது ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் இந்த அம்மாவை ஏமாற்றியது ஆகிவிடும். படித்த படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இல்லை.

சாந்தாமணி வந்ததும் முதலில் தடுப்பைக் கழற்றினான். “இது உங்களுக்கு வேண்டாம்மா. என் தப்பு. கேக்காம போட்டிருக்கக் கூடாது.”

அவர் நாக்கால் பல்லின் பின்பக்கத்தை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். ஊருக்குப் போய்த் திரும்பியவர் வீட்டுச் சாவி இருக்கிறதா என்று மடியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

திரையில் இரண்டு படங்களை அருகருகே வைத்தான். “ரெண்டு விதமா முடிக்கலாம்மா. இதுல மேல் பல்லும் கீழ் பல்லும் முழுசாச் சேந்துரும். கடிக்கறதுக்கு இதுதான் நல்லது, புத்தகத்துல இதைத்தான் சரின்னு போட்டிருக்கும். இன்னொண்ணுல மேல் பல்லு உள்ள போயிரும், உதடு நல்லாச் சேரும், ப-வும் ம-வும் தெரியும். ஆனா முன்னால மெலிசா ஒரு சந்து இருக்கும். வாயத் தெறந்தா நாக்கு நுனி தெரியும். இப்ப மாதிரியே நூல் கடிக்க முடியாது, கொய்யாக்காயைக் கடிக்கக் கொஞ்சம் சிரமப்படணும். எதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

சாந்தாமணி படத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார்.

“அவரு வந்திருந்தாருங்களா?”

முகிலனுக்குப் பொய் சொல்லப் பழக்கமில்லை. உண்மை சொல்லவும் வழியில்லை. மேஜைமேல் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

“அன்னிக்குப் பால் வாங்கப் போறேன்னு போனாரு. ஏற்கனவே பால் வாங்கி அடுப்புல வெச்சிருந்தேன். நான் ஒண்ணும் கேட்டுக்கல.” சாந்தாமணி தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். “சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. நீங்க சொல்ல வேண்டாங்க தம்பி. அவரு பாக்கறாருன்னு எனக்குத் தெரியும்.”

அவன் நிமிர்ந்தான்.

“காது போன புதுசுல, ராத்திரி லைட்டை அணைக்க விடமாட்டேன்னாரு. கண்ணு கூசுது, பில்லு வருதுன்னு நான் சண்டை. நான் அணைப்பேன், அவரு எந்திரிச்சுப் போடுவாரு. நான் தூங்கறேன்னு நெனச்சுட்டு ஒரு நா பக்கத்துல வந்து குனிஞ்சு பாத்தாரு. கண்ணு லேசாத் தெறந்துதான் இருந்துச்சு, நான் பாத்துட்டேன். என் வாயவே பாத்துட்டு, அவரும் கூடவே வாயை அசைச்சுட்டிருந்தாரு.” அவர் தலைப்பை அவிழ்த்து மறுபடி விரலில் சுற்றினார். “அதுல இருந்து நான் லைட்டை அணைக்கறதில்ல. ஆனா பில்லைப் பத்தி மட்டும் விடாமத் திட்டுவேன். இல்லாட்டி அவருக்குச் சந்தேகம் வந்துரும்ல.”

முகிலன் கண்ணாடியைக் கீழே வைத்தான். “அப்போ அந்தத் தடுப்பைப் போடும்போதே சொல்லியிருக்கலாமே அம்மா.”

“என்னன்னு சொல்றது? நான் புருசன் பேரச் சொல்லோணும், வழி விடுங்கன்னா?” என்று சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பல்லு சேந்தா அவருக்கு இன்னும் நல்லாத் தெரியும்னுதான் நான் நெனச்சேன். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கலாம்னு இருந்தேன். குரல் வந்தா வழி விடும்னு சொன்னீங்கல்ல? ஒரு நா வாயைத் தெறந்தனுங்க. அவருக்குத்தான் கேக்காதே, சொன்னா என்னன்னு. மூச்சு வருது, குரல் வரல. அவருக்கு ஒண்ணு ஆயிருமோன்னு பயம். இத்தனை வயசாயிட்டும் புத்தியப் பாருங்க.”

“இது புத்தியில்லாத காரியம் இல்லம்மா.”

“சந்து வெச்ச படமே இருக்கட்டுங்க” என்றார். “கொய்யாக்காயை அவரு அரிஞ்சு குடுப்பாரு. அப்பறம் தம்பி, எனக்குத் தெரியும்ங்கறது அவருக்குத் தெரியக் கூடாது. சொல்லிப்போடாதீங்க.”

இருவரின் ரகசியமும் ஒன்றேதான், அதை இருவரும் தன்னிடம் தனித்தனியாக அடைமானம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது முகிலனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரி என்று தலையாட்டினான்.

வேலை முடிய மேலும் சில மாதங்கள் பிடித்தன. கடைசி நாள் மென்பொருள் சாந்தாமணியின் படத்தைப் பார்த்து முகம் சுளித்தது. ‘சிகிச்சை முழுமையடையவில்லை’ என்று சிவப்பில் எழுதியது. முகிலன் அதை அப்படியே விட்டுவிட்டான். சாந்தாமணி கண்ணாடியில் உதட்டைச் சேர்த்தார், பிரித்தார், மறுபடி சேர்த்தார். வெளியே வந்து, டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த கணவரின் தோளைத் தட்டித் திருப்பினார்.

“போற வழியில பூண்டு வாங்கோணும்” என்றார்.

சதானந்தம் அந்த உதடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். “கால் கிலோவா, அரைக் கிலோவா?” என்று கட்டடம் அதிரக் கேட்டார்.

ரெஜினா கைதட்டினாள். காத்திருந்தவர்கள் ஒன்றும் புரியாமலே சிரித்தார்கள். சாந்தாமணிக்கு வந்த சிரிப்பில் வாய் நன்றாகவே திறந்துகொண்டது. முன்பல்லில் அந்த மெல்லிய சந்து தெரிந்தது. சதானந்தம் அதைப் பார்த்தார். ஒரு நொடி முகிலன் பக்கம் திரும்பி, நன்றி சொல்லத் தெரியாதவர் மாதிரி தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு அவர் முன்னால் போய்க் கண்ணாடிக் கதவின் பிடியில் கை வைத்தார். அவருக்குப் பின்னால் சாந்தாமணி ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே மேகம் கவிந்து இருட்டிக்கொண்டு வந்ததால் கதவுக் கண்ணாடியில் உள்ளே இருந்தவர்கள் தெரிந்தார்கள். செருப்பை மாட்டி முடித்ததும் சாந்தாமணி நிமிர்ந்தார். கணவரின் முதுகைப் பார்த்தபடி, உதடு லேசாகப் பிரிய, குரல் எதுவும் வராமல், அவர் நாக்கு நுனி அந்தச் சந்தில் ஒரு முறை எட்டிப் பார்த்தது. இன்னொரு முறை எட்டிப் பார்த்தது.

அவர் சொல்லி முடிக்கும்வரை சதானந்தம் கதவைத் திறக்கவில்லை.